நியூட்ரல் வேறு, எர்த் வேறு: வீட்டு வயரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர் பக்கம் வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். ஸ்டூல் போட்டு ஏறி சுவிட்ச் போர்டைக் கழற்றியதும் வீட்டுக்காரர் கீழிருந்து எட்டிப் பார்ப்பார். சிவப்பு, கருப்பு, பச்சை என்று மூன்று கம்பி தெரியும். சிவப்பு எது என்று யாரும் கேட்பதில்லை, அது கரண்ட் வரும் ஃபேஸ். மற்ற இரண்டையும், அதாவது கருப்பு நியூட்ரலையும் பச்சை எர்த்தையும் பற்றித்தான் கேள்வி வரும். அப்படிக் கேட்கப்பட்டவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். எல்லாமே நம் ஊர் 230 வோல்ட் வீட்டு இணைப்பை மனதில் வைத்துச் சொல்வது.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நியூட்ரலில் தினமும் கரண்ட் ஓடும். எர்த்தில் ஏதாவது கெட்டுப்போன அன்றைக்கு மட்டும் ஓடும்.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஃபேஸ் கம்பியில் வரும் கரண்ட், மிக்ஸியையோ ஃபேனையோ ஓட்டிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே, அதாவது தெரு டிரான்ஸ்பார்மருக்கே திரும்பிப் போயாக வேண்டும். அந்தத் திரும்பும் பாதைதான் நியூட்ரல். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் போட்டால் ஃபேஸில் சுமார் 4.3 ஆம்பியர் வருகிறது, அதே 4.3 ஆம்பியர் நியூட்ரலில் திரும்புகிறது. ஆகவே நியூட்ரல் சும்மா இருக்கும் கம்பி இல்லை, ஃபேஸ் சுமக்கும் அதே சுமையை அதுவும் சுமக்கிறது. வீட்டுக்குள் இரண்டுக்கும் ஒரே கனமுள்ள வயர் போடுவது இதனால்தான்.

எர்த் கம்பிக்கு இந்த ஓட்டத்தில் பங்கு கிடையாது. அது கிரைண்டர், ஃபிரிட்ஜ், கீசர் போன்றவற்றின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கும். உள்ளே ஃபேஸ் வயர் தேய்ந்து உடம்பில் பட்டுவிட்டால், அந்தக் கரண்ட் உங்கள் கை வழியாக இறங்காமல் பச்சைக் கம்பி வழியாக இறங்க வேண்டும். அதற்காகக் காத்திருக்கும் கம்பி அது. பத்து வருடம் ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். பதினோராவது வருடம் ஒரே ஒரு நொடி வேலை செய்தால் போதும், ஓர் உயிர் மிஞ்சும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் நடுநிலைக் கம்பி, புவித்தொடுப்புக் கம்பி என்று படித்திருப்பீர்கள். இலங்கைத் தமிழர்கள் நியூட்ரலை நொதுமல் என்பார்கள். அழகான சொல். நான் இங்கே வேலையிடத்தில் புழங்கும் நியூட்ரல், எர்த் என்ற பெயர்களையே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டும் கடைசியில் மண்ணுக்குத்தானே போகின்றன? அப்புறம் எதற்கு இரண்டு?

இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாக இறக்குகிறது. அதற்குள் மூன்று ஃபேஸ் சுருள்களும் ஒரு முனையில் ஒன்றுகூடும். அந்த முனையிலிருந்து கிளம்புவதுதான் நியூட்ரல். அதே முனையை அங்கேயே குழி தோண்டி மண்ணோடும் இணைத்துவிடுகிறார்கள். ஆக, நியூட்ரலும் பூமியும் டிரான்ஸ்பார்மர் அடியில் சேர்வது நிஜம்.

ஆனால் அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி நூறு, இருநூறு மீட்டர் கம்பங்களில் தொங்கிக்கொண்டு வருகிறது. வழியில் எத்தனையோ ஜாயின்ட். வீட்டுக்குள் வந்தால் மெயின் சுவிட்ச், டிபி (கரண்டை அறைகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி), சுவிட்ச் போர்டு என்று இன்னும் பல ஜாயின்ட். இவற்றில் ஏதாவது ஒன்று லூஸ் ஆனால் நியூட்ரல் அறுந்ததாக அர்த்தம். அறுந்த நொடியில் அது மண்ணோடு சேர்ந்த கம்பி இல்லை. வீட்டில் ஒரு லைட் எரியும் நிலையில் இருந்தால்கூடப் போதும், அந்த லைட் வழியாக ஃபேஸ் வந்து நியூட்ரல் கம்பியில் உட்கார்ந்துகொள்ளும். எர்த் கம்பி அப்படி இல்லை. அது உங்கள் வீட்டு எர்த் குழியிலிருந்து (கம்பியை மண்ணோடு சேர்க்கத் தோண்டிய குழி) நேராக வருகிறது, வேலைக் கரண்ட் எதுவும் அதன் வழியில் இல்லை. ஒருவேளை எர்த் அறுந்தாலும் அறுந்ததாலேயே அதில் வோல்ட் ஏறாது. நியூட்ரல் அறுந்தால் ஏறும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பதில்கள் எல்லாம் தானாக விளங்கும்.

பச்சைக் கம்பியே இல்லாமல் எங்கள் வீட்டில் எல்லாம் ஓடுகிறதே?

ஓடும். ஓடுவதற்கு ஃபேஸும் நியூட்ரலும் போதும். பைக் ஓட ஹெல்மெட் தேவையில்லை, அது போலத்தான்.

சாக்கெட்டில் எர்த் இல்லாவிட்டால் நியூட்ரலையே எர்த் பின்னுக்கும் லூப் கொடுத்துவிடலாம் என்கிறாரே எங்கள் வயர்மேன்?

அவரிடம் இனி வேலை கொடுக்காதீர்கள். கடுமையாகத் தெரியலாம், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு வாடகை வீடு. சமையலறையில் புதிதாக 16 ஆம்பியர் சாக்கெட் வைத்திருந்தார்கள். பச்சை வயர் இழுக்கச் சுவரைக் கொத்த வேண்டும் என்பதால், நியூட்ரல் முனையிலிருந்து ஒரு சாண் கருப்பு வயரை எர்த் முனைக்கு மாட்டி மூடிவிட்டார்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டும். ஒரு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு போர்டுக்குள் வரும் நியூட்ரல் ஸ்குரூ தளர்ந்தது. ஒரு நாள் காலை அந்த வீட்டுப் பாட்டி இட்லி மாவு அரைக்க கிரைண்டர் சுவிட்சைப் போட்டார். கிரைண்டர் சுற்றவில்லை. என்ன ஆயிற்று என்று ஈரக் கையோடு டிரம்மைத் தொட்டார். கை ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பேரன் மெயினை அணைத்ததால் பிழைத்தார். என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு.

என்ன நடந்தது என்று பாருங்கள். சுவிட்ச் போட்டதும் ஃபேஸ் மோட்டார் சுருளுக்குள் போனது, மறுமுனையில் நியூட்ரலுக்கு வந்தது. நியூட்ரல் மேலே துண்டாகியிருந்ததால் கரண்டுக்குப் போக வழியில்லை. ஆனால் அந்த ஒரு சாண் லூப் வயர் இருந்தது. அதன் வழியாக எர்த் பின், அங்கிருந்து கிரைண்டரின் உடம்பு. பாட்டியைக் காப்பாற்ற வேண்டிய பச்சைக் கம்பியே அவர் கைக்குக் கரண்டைக் கொண்டுவந்து சேர்த்தது. மோட்டாரில் ஒரு பழுதும் இல்லை.

எர்த் பின்னில் ஒன்றும் மாட்டாமல் காலியாக விட்டிருந்தால்கூட அன்று அவருக்கு ஷாக் அடித்திருக்காது. எர்த் இல்லாத சாக்கெட் ஒரு குறை. லூப் கொடுத்த சாக்கெட் ஒரு பொறி. சுவரைக் கொத்துவதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. பச்சை வயரை இழுத்துத்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் தலைகீழாக: நியூட்ரல் போய்விட்டால் எர்த்தை நியூட்ரலாக வைத்து லைட் எரிக்கலாமா?

எரியும். கிராமத்தில் நிறையப் பேர் செய்கிறார்கள். செய்யாதீர்கள். ஒரு கணக்குப் போடுவோம்.

உங்கள் எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். கவனிப்பில்லாத குழி வெயில் காலத்தில் இதற்கு மேலும் போகும். 1000 வாட் அயர்ன் பாக்ஸின் தடை சுமார் 53 ஓம். இரண்டும் தொடராகச் சேர்ந்து 73 ஓம். 230ஐ 73ஆல் வகுத்தால் 3.15 ஆம்பியர். அந்தக் கரண்ட் 20 ஓம் குழியில் இறங்கும்போது குழியின் தலையில் 63 வோல்ட் நிற்கும். குழியின் தலையில் என்றால், வீட்டில் உள்ள எல்லாப் பச்சைக் கம்பியிலும் என்று அர்த்தம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், கிரைண்டர் எல்லாவற்றின் உடம்பிலும் 63 வோல்ட். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஆளுக்கு அது போதுமான ஆபத்து. குழிக்குப் போகும் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தால் 63 இல்லை, முழு 230.

நியூட்ரல் போனால் ஈபி அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, லைன்மேன் வரும்வரை மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்வதே சரி.

அமெரிக்க வீடியோக்களில் மெயின் பேனலில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகக் கட்டுகிறார்களே? நம் வீட்டிலும் செய்யலாமா?

அவர்கள் செய்வது அவர்களுடைய ஏற்பாட்டுக்குச் சரி. அங்கே மின்சாரம் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், அந்த ஓர் இடத்தில் மட்டும், இரண்டையும் இணைக்க வேண்டும் என்பதே விதி. அதைத் தாண்டி உள்ளே வைக்கும் அடுத்த பேனலில் இணைத்தால் அங்கேயும் தவறுதான். வீடியோ பார்ப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைக் கவனிப்பதில்லை.

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் ஏற்பாடே வேறு. டிரான்ஸ்பார்மரில் ஒரு குழி, உங்கள் வீட்டில் உங்கள் சொந்தக் குழி. இரண்டுக்கும் நடுவே பாதை மண் மட்டுமே. இங்கே உங்கள் மெயின் போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? தெருவில் எங்காவது நியூட்ரல் அறுந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரர்களின் கரண்ட்டும் உங்கள் போர்டு வழியாக உங்கள் குழியில் இறங்கப் பார்க்கும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கைப்பிடியில் தெருவே வந்து நிற்கும்.

நியூட்ரலைத் தொட்டால் ஷாக் அடிக்குமா?

எல்லாம் சரியாக இருக்கும்போது நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் இடையே சில வோல்ட்தான் இருக்கும், உணர மாட்டீர்கள். ஆனால் சரியாக இருக்கிறதா என்று தொடுவதற்கு முன் தெரியாது. அறுந்த நியூட்ரல் ஃபேஸ் மாதிரியே அடிக்கும். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறி மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். நான் இத்தனை வருடத்தில் ஒரு கருப்பு வயரையும் டெஸ்டர் வைக்காமல் தொட்டதில்லை.

சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் லைட் எரியவில்லை. இரண்டு ஃபேஸ் வந்துவிட்டதா?

இல்லை. நியூட்ரல் எங்கோ துண்டாகியிருக்கிறது. மேலே சொன்னதுதான்: போட்டிருக்கும் ஃபேன், லைட் வழியாக ஃபேஸ் போய் நியூட்ரலில் நிற்கிறது. எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு, பிளக்குகளையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். நியூட்ரல் ஓட்டையில் வெளிச்சம் போய்விட்டால் சந்தேகமே இல்லை. வீடு முழுக்க இப்படியென்றால் கோளாறு மெயினிலோ கம்பத்திலோ இருக்கும். ஓர் அறையில் மட்டும் என்றால் அந்த அறையின் போர்டில்.

தெருவில் ஒரே நாளில் பல வீட்டு டிவி எரிந்துபோனது. ‘நியூட்ரல் கட்’ என்றார்கள். நியூட்ரல் அறுந்தால் கரண்ட் நிற்கத்தானே வேண்டும்?

ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரில் நியூட்ரல் அறுந்தால் நீங்கள் சொல்வது சரி, எல்லாம் நின்றுவிடும். மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்தால் கதை வேறு.

உங்கள் வீடு ஒரு ஃபேஸில், எதிர்வீடு இன்னொரு ஃபேஸில் என்று வையுங்கள். இரண்டு ஃபேஸுக்கும் இடையே 400 வோல்ட். நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் 230 தான். அது அறுந்ததும் இரண்டு வீடுகளும் அந்த 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்ளும். எதிர்வீட்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ், 53 ஓம். உங்கள் வீட்டில் 100 வாட் டிவி, 529 ஓம். தடை அதிகமுள்ள பக்கம் வோல்ட் அதிகம் விழும். கணக்குப் போட்டால் அயர்ன் பாக்ஸுக்கு 36 வோல்ட், டிவிக்கு 364 வோல்ட். அவர்களுக்குச் சூடே ஏறாது, உங்கள் டிவி புகைந்துவிடும். குறைவாகக் கரண்ட் செலவழித்த வீட்டுக்குத்தான் சேதம். மூன்று ஃபேஸ் எடுத்திருக்கும் ஒரே வீட்டுக்குள்ளும் இது நடக்கும்.

லைட் திடீரென்று பளீரென்று எரிந்து, பக்கத்து அறையில் மங்கினால் அதுதான் அறிகுறி. யோசிக்காமல் மெயினை அணையுங்கள். மூன்று ஃபேஸ் வீடுகளில் வோல்ட் கூடினால் தானே துண்டிக்கும் கருவி ஒன்றை டிபியில் வைத்துக்கொள்வது நல்லது.

நல்ல எர்த் குழி இருக்கிறது, எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது. போதாதா?

போதாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, அதனால் மறுபடியும் எண்களோடு வருகிறேன்.

உங்கள் குழி 5 ஓம். நல்ல குழி. டிரான்ஸ்பார்மர் குழி 1 ஓம். கீசரில் ஃபேஸ் உடம்பில் பட்டுவிட்டது. 230ஐ 6ஆல் வகுத்தால் சுமார் 38 ஆம்பியர் எர்த்தில் ஓடும். வீடுகளில் பொதுவாகப் போடும் சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனடியாக விழ அதன் அளவைப்போல் ஐந்திலிருந்து பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 38 ஆம்பியருக்கு அது சூடேறிச் சூடேறி, சில நொடியோ அதற்கு மேலோ கழித்து விழும். அந்த நேரம் முழுக்கக் கீசரின் உடம்பில் 190 வோல்ட் நிற்கும். குழி 20 ஓம் என்றால் 11 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரண லோடு என்று நினைத்து விழவே விழாது.

இந்த ஓட்டையை அடைப்பதுதான் ஆர்சிசிபி. அது ஃபேஸில் போகும் கரண்ட்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனது 4.30 ஆம்பியர், திரும்பியது 4.26 என்றால், மீதி எங்கோ மண்ணில் இறங்குகிறது என்று கண்டுபிடித்துத் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை போடுகிறோம். அந்த அளவு கசிந்தாலே 0.3 நொடிக்குள் விழ வேண்டும், கசிவு ஐந்து மடங்கானால் 0.04 நொடிக்குள். ஈர உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் உடம்பு வழியாக 230 மில்லி ஆம்பியர் போகும். 30 மில்லி ஆம்பியரே உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால்தான் அந்த எண்.

எர்த் இல்லாத வீட்டில் ஆர்சிசிபி மட்டும் வைத்தால் வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் யார் மேலாவது கரண்ட் பாய்ந்த பிறகுதான் விழும். எர்த்தும் இருந்தால், உடம்பில் ஃபேஸ் பட்ட நொடியிலேயே, யாரும் தொடுவதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். இரண்டும் வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் பிடித்துக்கொண்டால் ஆர்சிசிபி காப்பாற்றாது. போனது முழுக்கத் திரும்பி வருவதால் அதற்கு நீங்களும் ஒரு பல்புதான்.

புதிதாக ஆர்சிசிபி வைத்ததிலிருந்து அடிக்கடி விழுகிறது. கழற்றிவிடலாமா?

கழற்றாதீர்கள். வருடக்கணக்காக ஒளிந்திருந்த தவறை அது காட்டிக்கொடுக்கிறது. நான் பார்த்தவரை முதல் காரணம், எங்கோ நியூட்ரல் எர்த்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது. மேலே சொன்ன லூப் சாக்கெட்டாக இருக்கலாம், போர்டுக்குள் நசுங்கிய வயராக இருக்கலாம். அப்போது திரும்பும் கரண்ட்டில் ஒரு பகுதி பச்சைக் கம்பி வழியாகப் போய்விடுகிறது, கணக்கு இடிக்கிறது.

அடுத்த காரணம் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மெயின் லைனின் நியூட்ரலையும் ஏதோ ஒரு போர்டில் ஒன்றாக முறுக்கியிருப்பார்கள். ஒரு பாதையில் போன கரண்ட் வேறு பாதையில் திரும்பும். ஆர்சிசிபிக்கு அது கசிவாகத்தான் தெரியும். ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும் அதனதன் ஃபேஸோடு ஜோடி சேர்த்தால் தீர்ந்தது. பழைய வீட்டில் இதற்கு ஒரு முழு நாள் ஆகும். அதன் பிறகும் விழுந்தால் கீசர் ஹீட்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

எந்த நிறம் எதற்கு?

சுவருக்குள் ஓடும் வயரில்: சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ். கருப்பு நியூட்ரல். பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த்.

கருவியோடு வரும் மூன்று வயர் கார்டில் பல சமயம் வேறு: பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். நீலத்தைக் கவனியுங்கள். சுவருக்குள் அது ஃபேஸாக இருக்கலாம், கார்டில் அது நியூட்ரல். பிளக் மாற்றும்போது பலர் தடுமாறும் இடம் இதுதான். எதுவானாலும் நிறத்தை நம்பித் தொடாதீர்கள். பச்சை வயர் தீர்ந்துவிட்டது என்று சிவப்பை எர்த்துக்கு இழுத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

சாக்கெட்டில் எது எந்தப் பக்கம்? எர்த் பின் ஏன் நீளம்?

சாக்கெட்டுக்கு எதிரே நின்று பார்த்தால் மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த், வலது கைப்பக்கம் ஃபேஸ், இடது கைப்பக்கம் நியூட்ரல். எர்த் பின் நீளமாக இருப்பதால் சொருகும்போது முதலில் அது சேரும், பிடுங்கும்போது கடைசியில் அது விலகும். கருவிக்குக் கரண்ட் இருக்கும் ஒரு நொடிகூட எர்த் இல்லாமல் இருக்கக் கூடாது என்ற யோசனை. பருமனாக இருப்பதால் தவறான ஓட்டையில் நுழையாது.

இரண்டு ஓட்டை சாக்கெட்டில் சொருக வேண்டும் என்று எர்த் பின்னை ஆக்சா பிளேடால் அறுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அயர்ன் பாக்ஸுக்கும் இம்மர்ஷன் ஹீட்டருக்கும் இப்படிச் செய்கிறார்கள். மனம் பதறுகிறது.

போன் சார்ஜர், டிவிக்கு இரண்டு பின்தானே இருக்கிறது? அவற்றுக்கு எர்த் வேண்டாமா?

வேண்டாம். தொடக்கூடிய இரும்பு உடம்பு இல்லாமல், இரட்டைக் காப்போடு செய்தவை அவை. சார்ஜரின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருக்கும். அது இருந்தால் எர்த் தேவையில்லை என்று பொருள்.

கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் கிர்ரென்கிறது. கரண்ட் கசிகிறதா?

பெரும்பாலும் எர்த் இல்லாததன் அறிகுறி. கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள், இரைச்சலை வடிகட்ட. அவற்றின் வழியாக ஒரு துளிக் கரண்ட் எர்த்துக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் கிர்ரென்பதோடு நிற்கும். ஆனால் கிரைண்டரிலோ கீசரிலோ அப்படித் தோன்றினால் இந்தச் சமாதானத்தைச் சொல்லிக்கொள்ளாதீர்கள். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

சுவிட்சை நியூட்ரலில் வைத்தாலும் லைட் அணைகிறதே, என்ன தப்பு?

லைட் அணையும், ஆனால் ஹோல்டரில் ஃபேஸ் அப்படியே நிற்கும். சுவிட்ச் ஆஃப் என்று நம்பி பல்ப் மாற்றுகிறவருக்கு அடி. தனி சுவிட்சும் ஃபியூஸும் ஃபேஸில்தான் இருக்க வேண்டும், நியூட்ரலைத் துண்டிப்பதானால் ஃபேஸோடு சேர்ந்தே துண்டிக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே உண்டு. பழைய வீடுகளில் நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கும். அது முதலில் போய்விட்டால் வீடு இருட்டு, கம்பிகளில் ஃபேஸ். அந்தக் கட்டையை எடுத்துவிட்டு லிங்க் (ஃபியூஸ் இல்லாத நேர் இணைப்பு) போட்டுக்கொள்ளுங்கள். அணைத்த பிறகும் எல்இடி பல்ப் மினுக் மினுக்கென்று எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டத்து மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு நியூட்ரலே இல்லையே?

தேவையில்லை. மூன்று ஃபேஸிலும் சமமாக ஓடும் கரண்ட் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் திரும்பிப் போக மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் எர்த் கட்டாயம் வேண்டும், அதுவும் ஒன்றல்ல. மோட்டார் உடம்பிலிருந்து தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று நிற்கும். தண்ணீரும் சேறும் வெறுங்காலும் இருக்கும் இடம் அது. வீட்டைவிட அங்கேதான் இதில் கறார் வேண்டும்.

எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவசியமா?

கரியும் உப்பும் போட்ட பழைய முறைக் குழி என்றால் அவசியம். காய்ந்த மண் கரண்டைக் கடத்தாது. பங்குனி, சித்திரையில் வாரம் ஒரு முறையாவது ஒரு குடம் ஊற்றுங்கள். குழி சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். குழியிலிருந்து மெயின் போர்டுக்கு வரும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி, போல்ட் போட்ட இடத்தில்தான் துருப்பிடித்து அறுகிறது. மண்ணுக்குள் மறைந்திருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. வருடம் ஒரு முறை மூடியைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்தில் தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவார்கள். இப்போது நடுவில் பிவிசி குழாய் மாற்றியிருப்பார்கள், அந்த எர்த் வெறும் தோற்றம்தான்.

எங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். டெஸ்டர் வலது ஓட்டையில் மட்டும் எரிய வேண்டும். எர்த் ஓட்டையில் எரிந்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும்.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் என்றால்: ஃபேஸ், நியூட்ரல் இடையே 230 பக்கம். ஃபேஸ், எர்த் இடையேயும் ஏறக்குறைய அதுவே. நியூட்ரல், எர்த் இடையே ஓரிரு வோல்ட். இந்தக் கடைசி அளவில் ஒரு நுணுக்கம் உண்டு. அதே இரட்டைச் சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு அளந்தால் நியூட்ரலில் ஓடும் கரண்ட்டால் அந்த வோல்ட் கொஞ்சம் கூட வேண்டும். லோடு போட்டும் துளிகூட அசையாமல் பூஜ்யமே காட்டினால், அந்தப் போர்டுக்குள் யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் லூப் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

குழி உண்மையிலேயே கரண்டைத் தாங்குமா என்பதை மல்டிமீட்டர் சொல்லாது. ஒரே ஒரு இழையில் தொங்கும் எர்த்தும் அதில் 230 காட்டும். அதற்கு எர்த்தின் தடையை அளக்கும் எர்த் மெகரோ லூப் டெஸ்டரோ வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டு, குழி எத்தனை ஓம் என்று கேட்டு, அந்த எண்ணைத் தேதியோடு மெயின் போர்டு கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் மறுபடி அளக்கும்போது எண் கூடியிருக்கிறதா என்று தெரியும்.